வராத புயலுக்குப் பயப்படு, மாப்ள

வா மாப்ள, உக்காரு. அந்தப் போனை முதல்ல கவுத்து வை. வங்காள விரிகுடாவுல காத்தழுத்தத் தாழ்வு உண்டாகியிருக்குன்னு அதுல பாத்ததுல இருந்து உனக்கு வயித்தைக் கலக்குது. எலக்ட்ரானிக் சிட்டியில ஏழாவது மாடியில உக்காந்து வேலை பாக்குறவன் காத்துக்குப் பயப்பட வேண்டியதுதான், தப்பில்லை. ஆனா நீ உங்க அத்தைகிட்ட போயி, "அமெரிக்காவுல டெக்சாஸ்ல பனிப்புயல் அடிச்சப்போ ஒரு யூனிட் கரண்ட் 650 ரூபாய்க்குப் போச்சு, இங்கேயும் அந்த நாள் வருது, ஒன்னரை லட்சத்துக்கு ஒரு பேட்டரி போட்டுரலாம்"னு சொன்னே பாரு, அதைக் கேட்டு அவ ராத்திரியே ஃப்ரிட்ஜை நிறுத்திட்டா. பேரனுக்கு வெச்சிருந்த ஐஸ்கிரீம் காலையில பாயசம். பில் வர்றதுக்கு முன்னாடியே நஷ்டக் கணக்கு ஆரம்பிச்சாச்சு.

டெக்சாஸ் கதையில நீ விலையை மட்டும் புடிச்சுக்கிட்டே. அந்த விலை ஏன் வந்துதுன்னு கேக்கலை. எனக்கு எப்படித் தெரியும்னு முழிக்காதே. டவர் லைன் டிபார்ட்மென்ட்ல இருந்து ரிட்டையரான இன்ஜினியர் ஒருத்தர் தினம் சாயங்காலம் இந்த அத்திபெலே சர்க்கிள் டீக்கடைக்கு வர்றார். டீக்காசு நான் குடுப்பேன், விவரம் அவர் குடுப்பார். உன் இன்டர்நெட்டை விட இது மலிவு.

2021 பிப்ரவரி மாசம் அது. வெயிலுக்குப் பேர்போன மாகாணம். வீட்டையும் குளிருக்குக் கட்டலை, கரண்ட் ஆலையையும் குளிருக்குக் கட்டலை. அங்க பாதிக் கரண்ட் கேஸ்ல ஓடுது. கிணத்துல இருந்து கேஸோட வர்ற ஈரம் குழாயிலேயே உறைஞ்சுது. காத்தாடி இறக்கையில ஐஸ் கட்டிக்கிச்சு. அணு உலையில ஒண்ணு, தண்ணியோட அழுத்தத்தை அளக்குற சின்னக் குழாய் உறைஞ்சு நின்னு போச்சு. அதே நேரத்துல ஊர்ல இருக்குற அத்தனை பேரும் ஹீட்டரைப் போட்டாங்க. கேக்குறவன் கூடினான், குடுக்குறவன் குறைஞ்சான்.

இதுல எனக்குப் புடிச்ச இடம் ஒண்ணு இருக்கு. கேஸை அழுத்தித் தள்ளுற மோட்டார் ஓட கரண்ட் வேணும். கரண்ட் உண்டாக்க கேஸ் வேணும். பத்தலைன்னு ஏரியா ஏரியாவா கட் பண்ணினப்போ, அந்த மோட்டார் இருந்த ஏரியாவையும் சேத்துக் கட் பண்ணிட்டாங்க. "எங்க இடம் முக்கியமானது, நிறுத்தாதீங்க"ன்னு முன்னாடியே ஒரு படிவம் குடுத்திருக்கணுமாம். பல கேஸ் கம்பெனிக்காரங்க குடுக்கவே இல்லை. பாத்தியா, அங்கேயும் அர்ஜி எழுதிக் குடுக்காம காரியம் நடக்காது. நீ இங்க இருக்குற ஆபீசுங்களை மட்டும் திட்டுறே.

இன்னும் 4 நிமிஷம் 37 செகண்ட் அப்படியே விட்டிருந்தா மொத்த கிரிட்டும் படுத்திருக்கும், திரும்ப எழுப்பப் பல வாரம் ஆகியிருக்கும்னு அதை நடத்துறவங்களே பின்னாடி சொன்னாங்க. அரசாங்கக் கணக்குப்படியே 246 பேர் போயிட்டாங்க. அந்த இடத்துல நான் கிண்டல் பண்ண மாட்டேன். ஆனா விலைக்கதையைச் சொல்லித்தான் ஆகணும். ஒரு மெகாவாட் மணிக்கு 9,000 டாலர்னு உச்சவரம்பு வெச்சிருந்தாங்க. நாலு நாள் விலை அங்கேயே குந்திக்கிச்சு. யூனிட்டுக்கு 9 டாலர். நீ சொன்ன 650 ரூபாய் அதுதான். "சந்தை விலைக்கே கரண்ட், எங்களுக்கு மாசம் 10 டாலர் சந்தா போதும்"னு ஒரு கம்பெனி ஆசை காட்டியிருந்துது. அதுல சேந்த புத்திசாலிகளுக்கு ஆயிரக்கணக்குல டாலர் பில் வந்துது. எல்லாரும் உன்னை மாதிரி ஆப் வெச்சு விலை பாக்குறவங்கதான்.

பக்கத்து மாகாணத்துல இருந்து வாங்கிக்கலாமேன்னு கேப்பே. அதுதான் சங்கதி. மத்திய அரசோட கட்டுப்பாட்டுக்குள்ள வர வேண்டாம்னு, டெக்சாஸ் தன் கிரிட்டை மத்தவங்களோட பெருசா கோத்துக்காம தனிக்குடித்தனமா வெச்சிருக்கு. நல்ல நாள்ல ராஜா. கெட்ட நாள்ல கதவைத் தட்ட வீடு இல்லை.

சிரிக்காதே, நாமளும் ஒரு காலத்துல தனிக்குடித்தனம்தான். 2013 டிசம்பர் 31 வரைக்கும் தென்னிந்தியாவோட கிரிட் வேற, மத்த இந்தியாவோட கிரிட் வேற. ஒடிஷாவுல தால்ச்சர்ல இருந்து நம்ம கோலார் வரைக்கும் வர்ற 2,000 மெகாவாட் டி.சி. லைன், அந்த மாதிரி இன்னும் சிலது, அவ்வளவுதான் வழி. வடக்கே கரண்ட் மலிவாக் கிடந்தாலும் லைன் நிறைஞ்சு போச்சுன்னா இங்க கொண்டு வர முடியாது. அதனால கரண்ட் வாங்கி விக்கிற எக்ஸ்சேஞ்ச்ல தெற்குக்கு மட்டும் தனி விலை, அதுவும் உசந்த விலை. இந்தா இருக்கு டோல்கேட், அதைத் தாண்டினா ஜூஜூவாடி, ஓசூர் சிப்காட். 2012ல அந்தப் பக்கம் தமிழ்நாட்டுல, சென்னையை விட்டா, பல ஊர்ல ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல கரண்ட் இருக்காது. கம்பெனிங்க எல்லாம் டீசல் ஜெனரேட்டர்ல ஓடுச்சு. புகைக்குத்தான் பார்டர் கிடையாதே, இந்தப் பக்கம் துணி காயப்போட்டா உங்க அத்தை திட்டுவா.

அதே 2012 ஜூலைக் கடைசியில வடக்கு, கிழக்கு, வடகிழக்கு கிரிட் மூணும் விழுந்து 60 கோடி ஜனம் இருட்டுல உக்காந்துது. நமக்கு ஒண்ணும் ஆகலை. தனியா இருந்ததுக்கு அன்னிக்குக் கிடைச்ச ஒரே லாபம். ரெண்டு நாள் நாம ரொம்பப் பெருமையாப் பேசினோம், மூணாவது நாள் நமக்கு வழக்கமான கட் வந்துது. அப்புறம் ராய்ச்சூர்ல இருந்து சோலாப்பூருக்கு 765 கே.வி. லைன் போட்டுக் கோத்தாங்க. இப்போ ஐம்பது ஹெர்ட்ஸ்னா காஷ்மீர்ல இருந்து கன்யாகுமரி வரைக்கும் அதே ஐம்பதுதான். தெற்கு முழுசுக்கும் அதைக் கண்காணிக்கிற ஆபீஸ் நம்ம பெங்களூர்ல ரேஸ்கோர்ஸ் பக்கத்துலதான் இருக்கு. ஒரு பக்கம் குதிரை ஓடுது, இன்னொரு பக்கம் கரண்ட் ஓடுது. ரெண்டுலயும் முன்கூட்டிக் கணிக்கிறவனுக்குத்தான் பொழப்பு.

சரி, நம்ம ஊருக்கு வா. இங்க மார்கழியில பனிப்புயலா வருது? ஐப்பசி, கார்த்திகையில வங்காள விரிகுடாவுல இருந்து சுத்திக்கிட்டு வருமே, அதுதான் நமக்குக் குளிர்காலப் புயல். 2024ல ஃபெஞ்சல் வந்துது, ஞாபகம் இருக்கா? நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரிப் பக்கம் கரையேறுச்சு. கரையேறினதும் செத்துப்போகும்னு பாத்தா, உள்ளே வந்து, இங்கிருந்து நூறு கிலோமீட்டர் தூரத்துல இருக்குற ஊத்தங்கரையில ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர் கொட்டுச்சு. ரோட்டோரம் நிறுத்தியிருந்த வண்டிங்களை வெள்ளம் அடிச்சுக்கிட்டுப் போனதை நீதான் எனக்கு வாட்ஸப்ல அனுப்பினே. அதே மேகம் அத்திபெலேயில என்ன பண்ணுச்சு? பகல் பூரா சோனைத் தூறல், ஸ்வெட்டர் போட்ட நாய், முட்டை போண்டாக் கடையில கூட்டம்.

கரண்ட்டுக்கு என்ன ஆகுதுன்னு இப்போ கேளு. டெக்சாஸ்ல புயல் வந்தா தேவை ஏறும். இங்க புயல் வந்தா தேவை இறங்கும். மழை பெஞ்சா எவன் பம்ப்செட் போடுவான்? கர்நாடகாவுல 30 லட்சத்துக்கு மேல விவசாய பம்ப்செட் இருக்கு, பத்து எச்.பி. வரைக்கும் இலவசம். மழை நாள்ல அவ்வளவும் தூங்குது. ஃபேன் தூங்குது, ஏ.சி. தூங்குது.

உண்டாக்குற பக்கம் பாரு. பாவகடாவுல 13,000 ஏக்கர்ல 2,050 மெகாவாட் சோலார் பூங்கா போட்டிருக்காங்க. மேகம் போர்த்துச்சுன்னா அது மங்கிப் போகும். ஆனா அந்தப் பம்ப்செட்டுங்களைப் பகல்ல ஓட விடுறதே இந்தச் சூரியனை நம்பித்தான். முன்னெல்லாம் ராத்திரி ரெண்டு மணிக்கு டார்ச் லைட்டும் கையில ஒரு கம்புமா தோட்டத்துக்குப் போவேன். பாம்பும் நானும் ஒரே ஷிஃப்ட். இப்போ பகல்லயே மூணு ஃபேஸ் குடுக்குறாங்க. ஆக, சூரியன் லீவு போடுற அன்னிக்குப் பம்ப்செட்டும் லீவு. ரெண்டும் சொல்லி வெச்சுக்கிட்டு லீவு போடுறதால கணக்கு பெரும்பாலும் நேராகிடும்.

காத்தாடி? ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்னா இறக்கை சுத்தாதா? வைகாசியில இருந்து புரட்டாசி வரைக்கும் ஆரல்வாய்மொழி, பல்லடம், நம்ம சித்ரதுர்கா, கதக் எல்லாம் ஜோரா சுத்தும். கார்த்திகையில வர்ற புயல் அதுக்கு உதவாது. மெதுவா அடிச்சா பத்தாது. செகண்டுக்கு 25 மீட்டர் வேகத்துல அடிச்சா, தன்னைக் காப்பாத்திக்க அதுவே நின்னுக்கும். காத்துக்குன்னே பொறந்தது, பெரிய காத்தைப் பாத்தா கையைக் கட்டிக்குது. நம்ம வீட்டுக் கல்யாணத்துல இப்படி ஒரு சித்தப்பா இருப்பார், பேர் வேண்டாம்.

நிலக்கரிக்குத்தான் புயல்னா நிஜமான கஷ்டம். தமிழ்நாட்டுல எண்ணூர், தூத்துக்குடிக்கு வர்ற கரி, பாரதீப், விசாகப்பட்டினத்துல இருந்து கப்பல்ல வருது. கடல் கொந்தளிச்சா கப்பல் வெளியவே நிக்கும். நெய்வேலியில சுரங்கத்துக்குள்ள தேங்குற மழைத்தண்ணியை இறைச்சு வெளியே விட்டுட்டுத்தான் பழுப்பு நிலக்கரியை வெட்டணும். நம்ம ராய்ச்சூருக்கு சிங்கரேணியில இருந்து ரயில்ல கரி வருது. நனைஞ்ச கரி இறக்குற இடத்துலயே சேறாட்டம் அடைச்சுக்கும். அப்படியே தள்ளி உள்ளே விட்டாலும், கொஞ்சம் சூடு ஈரத்தைக் காய வைக்கவே போயிடும்.

அப்போ கரியைக் குறைச்சிட வேண்டியதுதானே? குறைப்பாங்க. ஆனா அதை ஸ்விட்ச் மாதிரி அணைக்க முடியாது. 55 சதவீதத்துக்குக் கீழே இறக்கினா கொதிகலன் தாங்காதுன்னு ஒரு கணக்கு இருக்கு. முழுசா நிறுத்தி ஆறவிட்டா மறுபடி மூட்ட அரை நாளுக்கு மேல ஆகும். இதுல இன்னொரு கூத்து. நீ கரண்ட் எடுத்தாலும் எடுக்காட்டியும் ஆலைக்காரனுக்கு நிலைக்கட்டணம் குடுத்தே ஆகணும். மழை பெஞ்சு ஊரே போர்த்திக்கிட்டுத் தூங்கின அன்னிக்கும் அந்த மீட்டர் தூங்காது.

இப்படி ஏறவும் இறங்கவும் சோம்பேறியா இருக்குறவங்க நடுவுல ஒருத்தன்தான் கூப்பிட்ட குரலுக்கு வர்றவன்: ஷராவதி நீர்மின் ஆலை. லிங்கனமக்கி அணையில தண்ணி இருந்தா, சில நிமிஷத்துல 1,035 மெகாவாட்டும் கைக்கு வரும். எரிக்கக் கரி வேண்டாம், கப்பல் வேண்டாம், ரயில் வேண்டாம். நல்லா மழை பெஞ்ச வருஷத்துக் கார்த்திகையில அணை நிறைஞ்சிருக்கும். வெளியே புயல் எவ்வளவு கத்தினாலும், இவன் இருக்குற தைரியத்துலதான் ஆபரேட்டர் டீ குடிக்கிறான்.

விலைக்கு வா. எக்ஸ்சேஞ்ச் எப்படி நடக்குதுன்னு தெரியாமலே நீ தினம் ஆப்ல கோடு பாக்குறே. நம்ம தக்காளி மண்டியில ஒவ்வொரு கூடைக்கும் ஒரு விலை போகும், தரகர் துண்டுக்குள்ள விரலைப் புடிப்பார். கரண்ட் மண்டி அப்படியில்லை. ஒரு நாளைக் கால் மணி கால் மணியா 96 துண்டு போட்டு, ஒரு துண்டுக்கு ஒரே விலை. மலிவாத் தர்றவன் முதல்ல உள்ளே வருவான். கடைசியாத் தேவைப்பட்டவன் கேட்ட காசுதான் எல்லாருக்கும். சூரியன் ஒரு ரூபாய் கேட்டாலும், கடைசி ஆளு 10 கேட்டா சூரியனுக்கும் 10. உச்சவரம்பும் அதே 10 ரூபாய்தான், 2023 ஏப்ரல்ல இருந்து. அதுக்கு முன்னாடி ஒரு வருஷம் 12. அதுக்கும் முன்னாடி 20 வரைக்கும் போனதுண்டு. 650 எங்கே, 10 எங்கே! உனக்குப் பதினஞ்சாயிரம் ரூபாய்க்கு ஒரு சின்ன இன்வெர்ட்டர் போதும், மாப்ள.

இன்னொண்ணு. நாடு பூரா ஒரே மண்டிங்கிறதால, நம்ம மேகம் ராஜஸ்தான்ல பட்லா சோலார் பூங்கா மேல காயுற சூரியனை மறைக்காது. வங்கக்கடல் புயல் வந்தா பல நேரம் விலை ஏறுறதுக்குப் பதிலா தளர்ந்துதான் போகும், வாங்குறவன் குறைஞ்சிட்டானே! ஆனா அதே காரணத்தால, நமக்குச் சம்பந்தமே இல்லாத குளிர் நம்ம விலையை ஏத்தும். டெல்லியில தை மாசத்துப் பனிமூட்டத்துல 2024 ஜனவரியில 5,800 மெகாவாட்டைத் தாண்டிக் கேட்டாங்க, குளிர்காலத்துல அது வரைக்கும் கேக்காத அளவு. காலையில ஏழு மணிக்கு அங்க ஹீட்டர், இங்க கீசர், சூரியன் இன்னும் படுக்கையில. அந்த நேரத்து விலைதான் ஏறும். பஞ்சாப்காரன் ரஜாய்க்குள்ள கையை விட்டு ஸ்விட்சைத் தட்டினா, அத்திபெலேயில கோடு மேல போகும். உனக்கு அந்த ஆளைத் தெரியாது, அவனுக்கு உன்னைத் தெரியாது, சம்பந்தி ஆயிட்டீங்க.

கீசர்னு சொன்னேன் பாரு, அங்கதான் உன் மேல எனக்குக் கோபம். புதுவீடு கட்டினா மொட்டைமாடியில சோலார் ஹீட்டர் வெக்கணும்னு இங்க பல வருஷமா விதி. பெங்களூரே அதுக்குப் பேர் போனது. உன் மாடியிலயும் ஒண்ணு இருக்கு, கண்ணாடிக் குழாய் மேல ஒரு விரக்கடைக்குத் தூசி. மூணு நாள் மேகம் போட்டா அது கையை விரிச்சிடும், எல்லாரும் ஒரே நேரத்துல கீசரைப் போடுவீங்க. ஒரு கீசர் 2 கிலோவாட். பத்து லட்சம் பேர் ஒரே நேரத்துல போட்டா 2,000 மெகாவாட். ராய்ச்சூர் ஆலையில அத்தனை யூனிட்டும் ஓடினாலும் 1,720 தான். ராய்ச்சூர்ல கரியைத் தள்ளுறவன் தள்ளித் தள்ளி உண்டாக்குறதை, நீங்க குளிச்சே முடிச்சிடுறீங்க, அதுவும் ஏழுல இருந்து எட்டுக்குள்ள. அஞ்சு மணிக்கே குளிச்சா என்ன, சாமி குத்தமா?

நீ எக்ஸ்சேஞ்ச் விலையைப் பாத்து நடுங்குறது எனக்குச் சிரிப்பா வருது. ஏன்னா உனக்கு கிருஹ ஜோதி இலவச கரண்ட் திட்டம், ஜீரோ பில். நாட்டுல உண்டாகுற கரண்ட்டுல பத்துல ஒரு பங்கு கூட அந்த மண்டிக்கு வர்றதில்லை. மிச்சமெல்லாம் பல வருஷ ஒப்பந்தத்துல போகுது. நம்ம கரண்ட் கம்பெனி பெஸ்காம் எப்பவாவது உசந்த விலைக்கு வாங்கினாலும், அது சில மாசம் கழிச்சு யூனிட்டுக்கு இத்தனை பைசான்னு எரிபொருள் சரிக்கட்டல்னு ஒரு வரியா பில்லுக்குள்ள வந்து உக்காரும். அந்த வரியை எவனும் படிக்கிறதில்லை. உனக்குப் புயல்ல இருக்குற நிஜ ஆபத்து வேற. 200 யூனிட்டைத் தாண்டினா மொத்த பில்லும் உன் தலையில. வீட்டுல நாலு பேர், ஆளுக்கு அரை மணி நேரம் கீசர் போட்டா நாளைக்கு 4 யூனிட். பத்து நாள் மேகம்னா 40. போன மாசம் 170ல நின்னே இல்லை? கூட்டிப் பாரு. டெக்சாஸ் உன் வீட்டு பாத்ரூமுக்குள்ள இருக்கு.

ஜூஜூவாடியில இருக்குற உன் அக்கா வீட்டுக்கு இந்தக் கவலை இல்லை. ரெண்டு மாசத்துக்கு ஒரு பில், முதல் 100 யூனிட் கழிச்சிருவாங்க. அதே தூறல், அதே குளிர், ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேற கணக்கு. மழை நாளாப் பாத்து குளிக்க அங்க போயிட்டு வரலாம்னு யோசிக்காதே, டோல் கட்டணும்.

புயல் நிஜமாவே காசைக் கரைக்கிற இடம் மண்டி இல்லை, கம்பம். 2018 நவம்பர்ல கஜா அடிச்சப்போ டெல்டா ஜில்லாக்கள்ல ஒரு லட்சத்துக்கும் மேல கம்பம் சாஞ்சுது. கரண்ட் உண்டாக்க ஆள் இருக்கு, வாங்க ஆள் இருக்கு, நடுவுல கொண்டு போகக் கம்பி இல்லை. கேரளாவுல இருந்தெல்லாம் ஆளுங்க வந்து, இடுப்பளவு சேத்துல நின்னு கம்பம் நட்டாங்க. அந்தச் செலவு எந்த ஆப்லயும் கோடாத் தெரியாது. நம்ம ஊர்ல அவ்வளவு பெரிய அடி விழுறதில்லை. ரோட்டோரத்து மரக்கிளை ஒண்ணு 11 கே.வி. லைன் மேல சாயும், ஃபீடர் ட்ரிப் ஆகும், 1912க்கு நூறு பேர் போன் போடுவாங்க. ஒரு பவர்மேன் தான் வருவான், ரெயின்கோட்டு மேல தண்ணி சொட்டச் சொட்ட. அவன் கம்பத்துல ஏறியிருக்கும்போது கீழே நின்னுக்கிட்டு "எஷ்டொத்து ஆகுத்தே, எவ்வளவு நேரமாகும்?"னு கேக்காதே. போன தடவை கேட்டே. இறங்கி வந்து அவன் உன்னைப் பாத்த பார்வையை நான் பாத்தேன்.

புயல் வந்த வருஷத்துக் கதை இவ்வளவுதான். வராத வருஷத்தைச் சொல்றேன். 2023. ஆகஸ்ட் மாசம் நாட்டுக்கே 1901க்குப் பின்னாடி வராத வறட்சி. கர்நாடகாவுல 236 தாலுகாவுல 223 வறட்சித் தாலுகா. லிங்கனமக்கி நிரம்பலை. ஐப்பசி மழையும் சரியா எட்டிப் பாக்கலை. வழக்கமா அக்டோபர்ல குப்புன்னு இறங்குற தேவை, அந்த வருஷம் கோடைக்காலத்து அளவுக்கு ஏறி நின்னுது. ஆகஸ்ட்லயே எக்ஸ்சேஞ்ச்ல சாயங்கால விலை 10 ரூபாயில போய் முட்டுச்சு. முட்டினதுக்கு அப்புறம் காசு குடுத்தாலும் சரக்கு இல்லை. கவர்மென்ட் மின்சாரச் சட்டத்துல 11வது பிரிவை எடுத்து, "மாநிலத்துக்குள்ள உண்டாக்குறவன் வெளியே விக்கக் கூடாது, எங்களுக்கே குடு"ன்னு உத்தரவு போட்டுது. உத்தரப் பிரதேசத்துகிட்டயும் பஞ்சாப்கிட்டயும் கைமாத்து வாங்கினாங்க: இப்போ குடு, அடுத்த மழைக்காலத்துல எங்க அணை நிறைஞ்சு காத்தாடி சுத்தும்போது திருப்பித் தர்றோம்னு. அவனுக்கு நெல் நடுற ஆனி, ஆடியில கரண்ட் வேணும். நமக்கு அப்போ மிச்சம் இருக்கும். காசே கைமாறாத வியாபாரம், எனக்குப் புடிச்சிருந்துது. உங்க கம்ப்யூட்டர் கம்பெனியில இதுக்கு என்ன பேர் வெச்சிருக்கீங்களோ தெரியாது.

அந்த வருஷம் விலையை ஏத்தினது யாருன்னு கேளு. பனியுமில்லை, புயலுமில்லை. நான்தான். ஆமா, உன் மாமன்தான். மழை இல்லை, ராகி கருகுது, போர்வெல்லுல தண்ணி இன்னும் கொஞ்சம் இருக்கு, கரண்ட் இலவசம். மூணு ஃபேஸ் வந்த நிமிஷத்துல இருந்து போற நிமிஷம் வரைக்கும் ஓட்டினேன். பக்கத்துத் தோட்டத்துக்காரன் ஓட்டினான். அவனுக்கும் பக்கத்துக்காரன் ஓட்டினான். 30 லட்சம் பேர், ஒருத்தனுக்கும் பில் கிடையாது. தண்ணி ஆழம் போகப் போக மோட்டார் அதிகமா இழுக்கும், அதிகமா இழுக்க இழுக்க ஷராவதி இன்னும் வத்தும். டெக்சாஸ்ல கேஸும் கரண்டும் ஒண்ணை ஒண்ணு கவுத்த கதையை உனக்குச் சொல்லிச் சிரிச்சேன் இல்லை? எங்க கதைக்கு நீ சிரிச்சுக்கலாம், உரிமை இருக்கு.

அதனால அந்த ஒன்னரை லட்சத்துப் பேட்டரி எண்ணத்தை விட்டுடு. ஞாயித்துக்கிழமை மாடிக்கு ஏறி அந்தக் கண்ணாடிக் குழாயைத் துடை. கீசரை அஞ்சு மணிக்குப் போட்டு, தண்ணி சுட்டதும் நிறுத்து. ஏழரைக்குக் குளிச்சாலும் சூடு இருக்கும், அந்தத் தொட்டியைச் சுத்திப் பஞ்சு வெச்சுத்தான் செஞ்சிருக்காங்க. உங்க அத்தைகிட்ட ஃப்ரிட்ஜைப் போடச் சொல்லு, நான் சொன்னா கேக்க மாட்டா. புயல் வரட்டும்னு வேணும்னா சாமியும் கும்பிட்டுக்கோ, எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனா ஒரு வார்த்தை சேத்துக்கோ: என் ராகி அறுத்துப் போர் போட்டாச்சு, இன்னும் அடிக்கலை. சரக்கு வண்டிங்க ஏறி மிதிக்கட்டும்னு ரோட்டுல பரப்பி வெச்சிருக்கேன், தார்ப்பாய் பத்தாது. நாலு நாள் தள்ளி வரச் சொல்லு. இல்லேன்னா போனை நிமித்தி, அந்தச் சுழி எங்கே வந்திருக்குன்னு பாத்துட்டு, சட்டையைக் கழட்டி வெச்சுட்டு வா, இப்பவே அள்ளிடலாம்.